நிழலில் உட்காரவைத்த பிள்ளைக்காக: தகவமைப்பு உடற்கல்வி ஆசிரியரை உருவாக்குவது எப்படி?

பி.டி. பீரியட் மணி அடித்ததும் வகுப்பே மைதானத்துக்கு ஓடும். வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்திருக்கும். மடியில் நாலைந்து கைக்கடிகாரம், பக்கத்தில் மற்றவர்கள் கழற்றிப்போட்ட செருப்பு. "நீ இதையெல்லாம் பாத்துக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் விசிலோடு போயிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளை விழுந்துவிடுமோ என்ற பயம்தான். அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லித்தருவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. நான் படித்த பள்ளியில் அப்படி உட்கார்ந்திருந்தவள் என் பெஞ்சுத் தோழி. பல வருடம் ஒன்றாகப் படித்தோம். அவள் கையில் ஒரு பந்தை நான் பார்த்ததே இல்லை. உடற்கல்வி படித்து, பிறகு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு நான் வந்ததற்கு அவளும் ஒரு காரணம்.

உடற்கல்வியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள், மாவட்ட அளவில் பணியிடைப் பயிற்சி ஏற்பாடு செய்பவர்கள், சிறப்புப் பள்ளி நடத்துபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பயிற்சி எடுத்துக்கொள்ள நினைக்கும் ஆசிரியரும் படிக்கலாம். தனக்கு எப்படிப்பட்ட பயிற்சி கிடைக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியட்டும்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தையைத் தெளிவுபடுத்திவிடுவோம். ஓடுதல், எறிதல், பிடித்தல், நீந்துதல், சேர்ந்து ஆடுதல் என்று எல்லாப் பிள்ளைகளும் கற்கும் அதே பாடத்தை, ஒரு பிள்ளையின் உடலுக்கும் புலனுக்கும் பொருந்துமாறு மாற்றிக் கற்பிப்பதே தகவமைப்பு உடற்கல்வி. இயன்முறை மருத்துவம் இதற்குத் துணையாக வரும், ஆனால் அது வேறு வேலை. பதக்கத்துக்காகப் பாரா விளையாட்டு வீரரைத் தயார்செய்வதும் வேறு வேலை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 16-ஆம் பிரிவு, பள்ளிகள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, கல்வியோடு விளையாட்டு வாய்ப்பையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. ஆகவே மரத்தடியில் உட்காரவைப்பது சட்டத்துக்கும் ஒவ்வாதது.

அமெரிக்காவில் 1975-இல் வந்த சட்டம், சிறப்புக் கல்வி என்பதற்கான வரையறைக்குள்ளேயே உடற்கல்வியையும் எழுதிவைத்தது. அதற்குப் பிறகு அங்கே இத்துறை ஆசிரியர்களுக்கென்று 15 தரநிலைகளும், தேசிய அளவில் ஒரு தேர்வும் உருவாகின. அந்தத் தேர்வை எழுத, மாற்றுத்திறனாளிகளுடன் 200 மணி நேரம் நேரடியாக வேலை செய்திருக்க வேண்டும். நம்மிடம் அப்படி ஒரு தனித் தேர்வு இல்லை. ஆனால் தொடங்க இடம் இல்லாமல் இல்லை. கோவையில் ராமகிருஷ்ணா மிஷன் விவேகானந்தா நிறுவனத்தில் தகவமைப்பு உடற்கல்வியைப் பெயரிலேயே தாங்கிய புலம் நடக்கிறது. சென்னையில் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியும், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

மேலே சொன்ன 200 மணி நேரத்தை மறக்காதீர்கள். இந்த வழிகாட்டியின் எலும்பே அதுதான். பிள்ளை இல்லாத வகுப்பறையில் இந்த வேலையைக் கற்றுத்தர முடியாது என்பது என் அனுபவம். வாரம் 8 மணி நேரம் பிள்ளைகளோடு என்று வைத்தால், 26 வாரத்தில் 208 மணி நேரம் ஆகிவிடும். வேலையில் இருக்கும் ஆசிரியரும் சமாளிக்கக்கூடிய ஆறு மாதப் பயிற்சி இது. சனிக்கிழமை பாடம், வார நாட்களில் இரண்டு மாலையும் ஞாயிறு காலையும் செய்முறை. கீழே வருவதெல்லாம் இந்த அட்டவணையை மனதில் வைத்து எழுதியது.

படி 1: ஆள் தேர்வு

எத்தனை பதக்கம் வாங்கியிருக்கிறார் என்று பார்த்து ஆள் எடுக்காதீர்கள். விண்ணப்பித்தவரை ஒரு பிள்ளையோடும் ஒரு பந்தோடும் 20 நிமிடம் விட்டுப் பாருங்கள். கவனிக்க வேண்டியது மூன்று. பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிகிறாரா அல்லது உட்காருகிறாரா? சொன்னது நடக்காதபோது அதையே இன்னும் சத்தமாகச் சொல்கிறாரா, அல்லது பந்தையோ தூரத்தையோ மாற்றிப் பார்க்கிறாரா? பேசுவது பிள்ளையிடமா, பக்கத்தில் நிற்கும் அம்மாவிடமா? மூன்றாவதில் பலர் தவறுவார்கள். அது சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். இரண்டாவதில் தவறுபவரைத்தான் யோசித்து எடுக்க வேண்டும்.

ஒரு அணிக்கு 15 பேர் போதும். ஐந்து பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் மைதானத்தில் நிற்க வேண்டும். 60 பேரை மண்டபத்தில் உட்காரவைத்துச் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சியால் எந்தப் பிள்ளையும் மரத்தடியிலிருந்து எழுந்ததாக நான் பார்த்ததில்லை.

மாற்றுத்திறனாளி ஆசிரியர்களுக்கு இந்தப் பயிற்சியில் கட்டாயம் இடம் வையுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் எப்படி உடற்கல்வி நடத்துவார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர் நடத்தும் ஒரு வகுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

படி 2: முதல் இரண்டு வாரம் நோட்டுப் புத்தகம் மட்டும்

பயிற்சிக்கு வந்தவுடன் குறைபாடுகளின் பட்டியலை ஒப்பிக்கவைக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்து, ஒரு பிள்ளையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு விதி: குணத்தை எழுதக் கூடாது, நடந்ததை எழுத வேண்டும். "சோம்பேறி", "பிடிவாதம்", "கவனம் இல்லை" எல்லாம் குணம். "பந்து மார்பில் பட்டு விழுந்த பிறகு 2 நொடி கழித்துக் கை நீட்டினாள்" என்பது நடந்தது. முதல் நாள் நோட்டைத் திருப்பினால் பக்கம் முழுக்கக் குணமாகத்தான் இருக்கும். பத்தாவது நாளில் நொடிக் கணக்கும், எந்தக் கை, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்ற விவரமும் வந்துவிடும். அந்த 2 நொடித் தாமதத்தைக் கண்டவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக வரும் பந்தைத் தேடுவார், பலூனையோ கடற்கரைப் பந்தையோ எடுப்பார்.

பேச்சுப் பழக்கமும் இந்த இரண்டு வாரத்தில் சரியாக வேண்டும். "அந்த வீல்சேர் பையன்" என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கேட்காமல் சக்கர நாற்காலியைப் பிடித்துத் தள்ளாமல் இருப்பது, பார்வையற்ற பிள்ளையின் கையை இழுக்காமல் தன் முழங்கையைப் பிடித்துக்கொள்ளக் கொடுப்பது. இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. ஒற்றைக்காலில் தாவித் தொடும் ஆட்டத்துக்கு 'நொண்டி' என்றுதான் பெயர். காலில் குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வகுப்பில் "வாங்க, நொண்டி ஆடலாம்" என்று ஆசிரியர் கூவினால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்? 'ஒற்றைக்கால் ஓட்டம்' என்று சொல்லிப் பழகுங்கள். பிள்ளைகள் ஒரே நாளில் மாறிவிடுவார்கள்.

படி 3: உடலைத் தெரிந்துகொள்வது, ஆபத்தைத் தெரிந்துகொள்வது

ஆசிரியரின் பயத்துக்கு மருந்து தைரியப் பேச்சு இல்லை, விவரம். எது ஆபத்து என்று சரியாகத் தெரிந்துவிட்டால், மற்றதெல்லாம் செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும். ஆகவே மொத்தப் பாட நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இங்கே செலவிடுங்கள். சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் படிக்க வேண்டியதில்லை. தவறினால் உயிருக்கோ உறுப்புக்கோ கேடு வரும் இடங்களை முதலில் எடுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்வாக இருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை முன்குட்டிக்கரணம், தலையால் பந்தை முட்டுவது, தலைகீழாக நீரில் பாய்வது, உயரம் தாண்டுவது எதுவும் கூடாது. நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை திடீரெனத் தடுமாறினாலோ, கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தாலோ, கையில் பிடிமானம் குறைந்தாலோ விளையாட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிறவி இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகெலும்பு சரியாக மூடாமலே பிறக்கும் நிலை உள்ள பிள்ளைகளில் பலருக்கு ரப்பர் பாலால் செய்த பொருட்கள் ஒவ்வாமை தரும். மேலே நானே பலூன் என்று எழுதினேன். அந்தப் பலூன் இந்தப் பிள்ளைக்கு மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். பிளாஸ்டிக் கடற்கரைப் பந்து பாதுகாப்பானது. தலையில் நீர் வடியக் குழாய் பொருத்திய பிள்ளையாக இருந்தால் தலையில் அடிபடும் ஆட்டம் வேண்டாம்.

தண்டுவடத்தில் காயம் பட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. நம் வெயிலில் இது பெரிய விஷயம். காலை 9 மணிக்கு முன்பே வகுப்பை முடித்துவிடுங்கள், ஈரத்துண்டும் தெளிப்பானும் வைத்திருங்கள். புண் வராமல் இருக்க 15 நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கையில் எடையை மாற்றி உட்காரச் சொல்லுங்கள். மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலியும், முகச் சிவப்பும் வியர்வையும் வந்தால் அது ரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறி. படுக்கவைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, உடனே மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும்.

தசைச் சிதைவு நோய் உள்ள பையனிடம் "முயற்சி செய், இன்னும் பத்து" என்று சொல்வது அன்பு என்று நினைத்துவிடக் கூடாது. களைப்பு வரும்வரை தசையை வருத்தினால் அதற்குச் சேதம்தான். களைப்புக்கு முன்பே நிறுத்தும் ஆட்டங்களையும், முடிந்தால் தண்ணீருக்குள் செய்யும் அசைவுகளையும் கொடுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலர் திடீர்ச் சத்தத்துக்குத் துணுக்குற்று உடலே விறைத்துப்போவார்கள். விசில் நம் தொழிலின் அடையாளம்தான், இருந்தாலும் அந்த வகுப்பில் அதைப் பையில் போட்டுவிட்டுக் கைக்கொடியை எடுங்கள். காது கேளாத பிள்ளைக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அதே கொடி உதவும்.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். அதனால் பயனில்லை. வாயில் கரண்டி திணிப்பது ஆபத்து. பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. இதை மைதானத்தில் பொய்யாக நடித்துக் காட்டச் சொல்லி, ஒவ்வொருவரையும் இரண்டு முறை செய்யவைக்க வேண்டும். கேட்டது கைக்கு வராது.

வெளியே தெரியாத குறைபாடுகளை மறந்துவிடாதீர்கள். ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் எளிதில் உறையாத நோய் உள்ள பையனுக்குக் கபடி கூடாது, நீச்சல் நல்லது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் அரிவாள் செல் சோகை நீலகிரிப் பழங்குடிக் குழந்தைகளிடம் காணப்படுகிறது. அவர்கள் தண்ணீர் குடிக்காமல், குளிரில், மூச்சு வாங்க ஓடினால் கடும் வலி வரலாம். மலையில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கு இந்தப் பாடம் கட்டாயம்.

இந்தப் படியின் கடைசி வேலை, மருத்துவச் சான்றுப் படிவத்தைத் திருத்துவது. "விளையாடத் தகுதியா?" என்று கேட்டால் மருத்துவர் பாதுகாப்புக்காக "இல்லை" என்றே எழுதுவார். "எதைத் தவிர்க்க வேண்டும்? எதை எவ்வளவு நேரம் செய்யலாம்? எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் தலைகீழாக மாறும்.

படி 4: அளந்து பார்ப்பது

பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் பாடம் போட முடியாது. சிறு பிள்ளைகளுக்கு டேல் அல்ரிச் உருவாக்கிய பெருந்தசை இயக்கத் தேர்வு உலகம் முழுவதும் பழக்கத்தில் உள்ளது. அதன் மூன்றாம் பதிப்பில் 13 திறன்கள்: இடம்பெயரும் திறன் 6, பந்துத் திறன் 7. 3 முதல் 10 வயதுவரை பயன்படுத்தலாம். 10 முதல் 17 வயதுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் உடல்தகுதியை அளக்க பிராக்போர்ட் தேர்வு இருக்கிறது. இரண்டையும் பழக்குங்கள், ஆனால் மதிப்பெண் போடுவதோடு விட்டுவிடாதீர்கள். தாண்டினானா இல்லையா என்பதைவிட, தாண்டும்போது கை முன்னால் வந்ததா, முழங்கால் மடங்கியதா, இரண்டு காலும் ஒன்றாகத் தரை தொட்டனவா என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆசிரியருக்கு வேண்டும்.

அளந்த பிறகு ஒரு பிள்ளைக்கு மூன்று இலக்கு, அதற்கு மேல் வேண்டாம். "பந்து பிடிக்கக் கற்றுக்கொள்வாள்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "2 மீட்டரில் இருந்து மெதுவாக எறியும் கடற்கரைப் பந்தை, ஐந்தில் மூன்று முறை இரு கையாலும் பிடிப்பாள், தீபாவளி விடுமுறைக்குள்" என்று எழுதினால்தான் அது இலக்கு.

படி 5: ஆட்டத்தை மாற்றுவது

இந்த வேலையின் அழகெல்லாம் இங்கேதான். முதல் பாடமாக ஒரு கயிற்றை எடுங்கள். உடற்கல்வியில் மஸ்கா மாஸ்டன் சொன்ன பழைய உதாரணம் இது. கயிற்றைக் கிடையாகக் கட்டித் தாண்டச் சொன்னால், உயரம் ஏற ஏற ஒவ்வொருவராக வெளியேறுவார்கள். யாருக்கு அதிகப் பயிற்சி தேவையோ அவரே முதலில் உட்காருவார். அதே கயிற்றின் ஒரு முனையை இடுப்பு உயரத்திலும் மறுமுனையைத் தரையிலும் கட்டுங்கள். ஒவ்வொருவரும் தனக்கேற்ற இடத்தைத் தேர்ந்து தாண்டுவார்கள். ஒருவரும் வெளியேற மாட்டார்கள். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களையே முதலில் இரண்டு விதமாகவும் தாண்டவையுங்கள். முதல் சுற்றில் வெளியேறி ஓரமாக நின்றவரின் முகத்தைப் பார்த்தால் பாடம் பாதி முடிந்த மாதிரி.

அப்புறம் மாற்றுவதற்கு நான்கு கைப்பிடிகளைக் கொடுங்கள்: இடம், செய்யும் வேலை, கருவி, கூட ஆடும் ஆட்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது, ஆட்டமும் ஆட்டமாக இருக்காது.

நம் ஆட்டங்களிலேயே மாற்றத்துக்கான வழி ஒளிந்திருக்கிறது. கபடியில் பாடி வருபவர் விடாமல் "கபடி கபடி" என்று சொல்கிறார். பார்வையற்ற பிள்ளைக்கு அதுவே எதிராளி எங்கே என்று காட்டும் ஒலி. பிடிப்பவர்கள் சங்கிலியாகக் கைகோத்து நிற்பதும் ஏற்கெனவே ஆட்டத்தில் உண்டு. பேச வராத பிள்ளை பாடப் போகும்போது, பாட்டுக்குப் பதிலாக நடுவர் 30 நொடியைக் கொடியால் காட்டலாம். கோ-கோவில் முதுகில் தட்டித்தான் "கோ" கொடுக்கிறோம். காது கேளாத பிள்ளைக்கு அந்தத் தட்டு போதும். உறியடியிலும் கண்ணாமூச்சியிலும் எல்லார் கண்ணையும் கட்டித்தானே ஆடியிருக்கிறோம்? பார்வையற்றோருக்கான கோல்பால் ஆட்டத்தின் அடிப்படையும் அதுவே. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலக் களத்தில் அணிக்கு மூன்று பேர். எல்லாரும் கண்ணை மறைத்திருப்பார்கள். உள்ளே மணி வைத்த 1.25 கிலோ பந்தை உருட்டியெறிவார்கள். கோட்டின்மேல் ஒட்டும் நாடாவுக்கு அடியில் நூல்கயிறு வைத்துவிட்டால் காலாலேயே கோடு தெரியும். பார்வை உள்ள பிள்ளைகளும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடட்டும். அந்த அரை மணி நேரம் களத்தில் யார் கெட்டிக்காரர் என்று அவர்களே பார்ப்பார்கள்.

நம் பெண்பிள்ளைகள் த்ரோபால் நன்றாக ஆடுவார்கள். அதையே எல்லாரும் தரையில் உட்கார்ந்து ஆடினால் காலில் குறைபாடு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே வித்தியாசம் பெரிதாகக் குறைந்துவிடும். உட்கார்ந்து ஆடும் கைப்பந்தில் பெண்களுக்கான வலை உயரம் 1.05 மீட்டர். நாமும் ஒரு கயிற்றை அந்த உயரத்தில் கட்டினால் போதும்.

கருவிக்குக் காசு இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் காசு இல்லாமலேயே நிறைய செய்யலாம். கால்பந்தை மொறமொறக்கும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டினால் அது ஒலிக்கும் பந்து. பழைய காலுறையில் பயறு நிரப்பித் தைத்தால் பிடிக்க எளிதான எறிபை. 4 அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்தால், கையைத் தூக்க முடியாத பிள்ளையும் பந்தை உருட்டிவிடும் சரிவுப் பாதை. அதை மடியில் வைத்து ஒரு டென்னிஸ் பந்தை உருட்டி, வெள்ளைப் பந்துக்கு அருகே நிறுத்தினால், கடும் மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் பாராலிம்பிக்கில் ஆடும் போச்சாவின் முதல் பாடம் தொடங்கிவிட்டது. பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் கையால் செய்த ஐந்து கருவிகளோடுதான் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: 208 மணி நேரத்தைப் பிரிப்பது

முதல் 50 மணி நேரம் ஒரு பிள்ளை, ஒரு ஆசிரியர். அடுத்த 60, மூன்று நான்கு பிள்ளைகள் கொண்ட சிறு குழு. அடுத்த 70, சாதாரணப் பள்ளியில் 40 பேர் உள்ள வகுப்பு, அதில் ஓரிரு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள். மீதம் 28, சிறப்புப் பள்ளியில். மூன்றாவதுக்கு அதிக நேரம் தருவதற்குக் காரணம் உண்டு. தனியாக ஒரு பிள்ளையோடு அருமையாக வேலை செய்பவர், 40 பேர் கூச்சல் போடும்போது மறுபடியும் மரத்தடியைத்தான் தேடுவார்.

உதவி செய்வதில் ஒரு ஏணி இருக்கிறது. கையைப் பிடித்துச் செய்யவைப்பது, லேசாகத் தொட்டு உணர்த்துவது, செய்து காட்டுவது, சைகை, சொல். பிள்ளைக்கு எவ்வளவு குறைந்த உதவி போதுமோ அவ்வளவு மட்டும் கொடுத்து, அதையும் வாரம் வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மேற்பார்வையாளர் பார்க்க வேண்டியதும் இதையே. நல்ல மனசுள்ள ஆசிரியர் கையைப் பிடித்தே வருடம் முழுக்கச் செய்யவைத்துவிடுவார். பிள்ளை எதையும் தானாகச் செய்திருக்காது.

வாரம் ஒருமுறை 10 நிமிடம் வகுப்பைக் கைபேசியில் படம் எடுங்கள், பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு மட்டும். பிறகு உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஆசிரியரே பேசட்டும். மேற்பார்வையாளர் ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும், அடுத்த வாரம் அதை மட்டும் சரிபார்க்க வேண்டும். பத்துக் குறை சொன்னால் ஒன்றும் மாறாது. இன்னொரு கணக்கையும் வைத்திருங்கள். 40 நிமிட வகுப்பில் அந்தப் பிள்ளை உண்மையில் அசைந்த நேரம் எத்தனை நிமிடம்? மற்ற பிள்ளைகள் அசைந்த நேரத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால், பாடத் திட்டத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

படி 7: சுற்றியிருக்கும் ஆட்கள்

வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் இயன்முறை மருத்துவரையும் பயிற்சியின் முதல் மாதமே அழைத்து உட்காரவையுங்கள். ஒரே பிள்ளையைப் பற்றி மூவரும் மூன்று நோட்டில் எழுதாமல் ஒரே தாளில் எழுதட்டும். பெற்றோரிடம் "என்ன பிரச்சனை?" என்று தொடங்காதீர்கள். "வீட்டில் எதை விரும்பி ஆடுவான்?" என்று கேளுங்கள். அண்ணன் தம்பியோடு வாசலில் என்ன செய்கிறான் என்பதில் உங்கள் பாதிப் பாடம் கிடைத்துவிடும்.

கழிப்பறையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நீங்கள் பேச வேண்டும். போக வசதியான கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளை, நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையை வெயிலில் ஓடவிட்டால் என்ன ஆகும்? மைதானத்துக்கும் கழிப்பறைக்கும் இடையே சக்கர நாற்காலி போகுமா என்று தள்ளிப் பார்ப்பதும் உடற்கல்வி ஆசிரியரின் வேலைதான்.

படி 8: தேர்வு

எழுத்துத் தேர்வு ஒன்று இருக்கட்டும், பாதுகாப்புப் பகுதிக்கு மட்டும். அதில் ஒரு கேள்வி தவறினாலும் திரும்ப எழுத வேண்டும். உண்மையான தேர்வு மைதானத்தில். இதுவரை பார்த்திராத ஒரு பிள்ளை, அவரைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு, 20 பேர் கொண்ட வகுப்பு, 45 நிமிடம். பார்ப்பவர் குறிக்க வேண்டியவை: ஆபத்தைக் கண்டு தவிர்த்தாரா, ஆட்டத்தில் எதை ஏன் மாற்றினார், உதவியைக் குறைத்தாரா, பிள்ளை எத்தனை நிமிடம் அசைந்தது, மற்ற பிள்ளைகளில் யாராவது தாமாக வந்து அந்தப் பிள்ளையோடு ஆடினார்களா. முடிந்ததும் அந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள்: "நாளைக்கும் இந்த சார் வரட்டுமா?" அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் உண்டு.

தேறாதவரை வெளியே அனுப்ப வேண்டாம். இன்னும் 40 மணி நேரம் கொடுத்து மறுபடியும் பாருங்கள்.

படி 9: பயிற்சிக்குப் பிறகு

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அவரை உயரம் தாண்டும் பக்கம் திருப்பியவர் ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2024 பாரிஸில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் என்று நம் பெண்கள் மூவர் பாட்மின்டனில் பதக்கம் வாங்கினார்கள். இந்தப் பெயர்களை வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் ஆசிரியரின் இலக்குத் தாளில் பதக்கம் எழுதியிருக்கக் கூடாது. பேருந்து நிறுத்தம்வரை களைக்காமல் நடப்பது, ஆற்றில் விழுந்தால் மிதக்கத் தெரிவது, பொங்கல் விளையாட்டுப் போட்டியில் பெயர் கொடுப்பது, இவைதான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேண்டும்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் மேற்பார்வையாளர் பள்ளிக்குப் போக வேண்டும், முன்கூட்டிச் சொல்லாமல், பி.டி. பீரியட் நேரத்துக்கு. போனதும் தலைமையாசிரியர் அறைக்குப் போகாமல் நேராக மரத்தடியைப் பாருங்கள். பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தால் ஆசிரியரைத் திட்டாதீர்கள், காரணம் கேளுங்கள். கருவி உடைந்திருக்கும், வகுப்பு 60 பேராகப் பெருகியிருக்கும், பெற்றோர் பயந்திருப்பார்கள், அல்லது ஒருமுறை பிள்ளை விழுந்து தலைமையாசிரியர் கண்டித்திருப்பார். எது என்று தெரிந்தால், அன்றைக்கே அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆட்டத்தை அவரோடு சேர்ந்து நடத்திக்காட்டி, அடுத்த திங்கட்கிழமைக்கான பாடத்தை இருவரும் உட்கார்ந்து எழுதி, அடுத்து எந்தத் தேதியில் வருவீர்கள் என்பதை அவர் நோட்டில் குறித்துவிட்டுக் கிளம்புங்கள்.